ஆர்டர் போட்டது யார்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை பெரியவள் போனில் பேசும்போது ஒன்று சொன்னாள். ஓசூரில் ஒரு வேலை, இங்கே காரைக்காலிலேயே ஒரு வேலை, இரண்டு இடத்திலும் கூப்பிட்டிருக்கிறார்கள். எதற்குப் போகப் போகிறாய் என்று கேட்டேன். "உங்க இஷ்டம்ப்பா, நீங்களும் அம்மாவும் எது சொல்றீங்களோ அது" என்றாள். பெற்றவனுக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி இல்லை. இந்தப் பேச்சை அவள் யாரைப் பார்த்துப் பழகினாள் என்று எனக்குத் தெரியும். சின்னவனே, உனக்கும் நாளைக்கு இது வரும். அதனால் இரண்டு பேருக்குமாக எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் ஏனாமுக்குப் போய் இருந்துவிட்டு வந்தது உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அரசாங்கம் என்னைத் தூக்கிப் போட்டது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். யாரும் தூக்கிப் போடவில்லை. நானாகத்தான் போனேன்.

நம் பிரதேசம் நாலு துண்டாக நாலு இடத்தில் கிடக்கிறது. மின்துறையில் பதவி உயர்வு வந்தால் எந்தத் துண்டில் இடம் காலியோ அங்கே போக வேண்டும். போக முடியாதவர்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஆபீசில் அதற்கு 'ஃபார்கோ' என்று பேர். ஒயர்மேனாக இருந்த எனக்கு லைன் இன்ஸ்பெக்டர் பதவி இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் ஏனாம், ஆந்திராவுக்குள்ளே. முதல் முறை என் அப்பா படுக்கையில் இருந்தார். அடுத்த முறை பெரியவளுக்குப் பத்தாவது பரீட்சை. இரண்டு முறையும் ஃபார்கோ எழுதிக் கொடுத்தேன். குரும்பகரத்தில் நம் சொந்தக்காரர்கள், குடும்பம் என்றால் அவனுக்கு உயிர் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கேட்பதற்காகவே இன்னும் நாலு முறை எழுதிக் கொடுத்திருப்பேன்.

பிறகுதான் காரைக்கால் எல்லையில் இருக்கிற பூவத்தில் அது நடந்தது. கடல் பக்கத்து லைன்களில் உப்பு படிந்து, கம்பியைத் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டர் பொரியும். ஏறி மாற்ற வேண்டும். எத்தனையோ வருஷமாகச் செய்த வேலைதான். அன்றும் லைனை நிறுத்தச் சொல்லி, நிறுத்தியாச்சு என்று உறுதி வாங்கி, கம்பியை எர்த் பண்ணிவிட்டுத்தான் ஏறினேன். கரண்ட் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கை போகவில்லை. நீட்டப் பார்க்கிறேன், பாதியிலேயே நின்றுவிடுகிறது. போஸ்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். கீழே எல்லையைத் தாண்டி பஸ்கள் போவதும் வருவதுமாக இருந்தன, ஒருவரும் மேலே பார்க்கவில்லை. கண்ணில் வெயில் அடிக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன். கூட வந்தவர் என்னைவிட இளையவர். "என்னண்ணே, காத்து வாங்கத்தான் ஏறுனீங்களா?" என்று சிரித்துவிட்டு அவர் ஏறினார். நானும் கூடவே சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஏறாமல் இல்லை, ஏறினேன். காலையில் செருப்பு மாட்டும்போதே உள்ளங்கை வேர்த்துவிடும். லைன் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டால் போஸ்டில் ஏற வேண்டியதில்லை, கீழே நின்று வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். அது எனக்கு வேண்டியிருந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாள் யாரும் என்னைத் தேடாத ஊரில் இருந்தால் தேவலை என்றும் இருந்தது. இரண்டையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம் என்று சொன்னால் ஆம்பளைக்கு அசிங்கம். உங்களை விட்டுப் போகத் தோன்றுகிறது என்று சொன்னால் அதைவிட அசிங்கம்.

மூன்றாவது முறை பதவி வந்தபோது ஆபீஸ் கிளார்க் என்னைக் கூப்பிட்டார்.

"வழக்கம்போலத்தானேண்ணே? பேப்பர் தரட்டுமா?"

"இல்ல, இந்தத் தடவ போறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "வீட்ல கேட்டுட்டீங்களா?"

"கேட்டாச்சு" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏனாமுக்கு ஆர்டர் போட்டுவிட்டார்கள் என்றேன். எழுதிக் கொடுத்தால்தான் விட்டுவிடுவார்களே என்று கேட்டாள். இப்போதெல்லாம் அது கிடையாது, ரூல் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டேன். ரொம்பச் சுலபமாக வந்தது அந்தப் பொய். ஆர்டர் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். எனக்குப் பாவம் பார்க்கத்தான் செய்வார்கள்.

அப்படியேதான் நடந்தது. உங்கள் அம்மா அம்பகரத்தூர் போய், ஆர்டர் ரத்தாக வேண்டும் என்று காளியம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். சின்னவனே, நீ அப்போது சின்னப் பையன். "அந்த ஆபீசர் வீட்ல மட்டும் டெய்லி கரண்டு போவணும், ஃபேன் ஓடக் கூடாது" என்று சாபம் விட்டாய். எல்லாரும் சிரித்தோம். ஒரு பாவமும் அறியாத மனிதரை என் பிள்ளை திட்டுகிறான், நான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

பெரியவளே, உனக்குச் செய்ததை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. பன்னிரண்டாவது முடித்துத் திருச்சிக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. ஒரு நாள் சாப்பிடும்போது, திருச்சியெல்லாம் வேண்டாம்ப்பா, நீங்களும் இல்லாமல் அம்மாவும் தம்பியும் தனியாக இருப்பார்கள், நான் இங்கேயே காலேஜில் சேர்ந்துகொள்கிறேன் என்றாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். உன் இஷ்டம் என்று சொன்னேன். அது உன் இஷ்டம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரத்திலேயே உங்கள் அம்மா என்னிடம் சொல்லாமல் ஆபீசுக்குப் போய் அதிகாரியைப் பார்த்திருக்கிறாள், எப்படியாவது என்னை இங்கேயே வைத்துக்கொள்ளும்படி கேட்க. திரும்பி வந்து, கட்டியிருந்த புடவையைக்கூட மாற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாள். நீங்கள் இரண்டு பேரும் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள்.

"உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தாரு அந்த சார். 'இஷ்டப்பட்டுத்தானேம்மா போறாரு, வேணாம்னு எழுதிக் குடுத்திருந்தா அடுத்த ஆளுக்குக் குடுத்திருப்போமே'ங்கறாரு."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில், நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"பொண்டாட்டிக்கே தெரியாதுன்னு அந்த மனுஷன் முன்னாடி சொல்ல முடியுமா? 'தெரியும் சார், சேர்ற தேதிய மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமான்னு கேக்க வந்தேன்'னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெளியாளிடம் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"எனக்குப் போவணும் போல இருக்குன்னு ஒரு வார்த்த. அதச் சொல்ல வாய் வரலையா உங்களுக்கு? நான் என்ன, காலக் கட்டியா போட்டுடுவேன்?"

அப்போதுதான் பூவத்தில் நடந்ததைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், அதில் என்னமோ எழுதியிருக்கிற மாதிரி. "இத்தன நாளா இந்தக் கைய வெச்சிக்கிட்டுத்தான் போஸ்ட் ஏறிட்டிருந்தீங்களா?" என்று கேட்டு அழுதாள். பிறகு கையை விட்டுவிட்டாள்.

"போயிட்டு வாங்க. அந்தப் பொண்ணு திருச்சி வேணாம்னுட்டா. அவகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அவள் சொன்னபடியே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காலேஜில் சேர அப்போது இன்னும் நாள் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால், அப்பா அவருக்காகத்தானே போகிறார், நானும் எனக்காகப் போகிறேன் என்று நீ கிளம்பியிருப்பாய். அதைச் சொல்ல எனக்கு வெட்கம். என் வெட்கத்துக்கு உன் திருச்சியைக் கொடுத்துவிட்டேன். ரயில் ஏற்றிவிட எல்லாரும் வந்தீர்கள். சின்னவன் அழுதான், பெரியவள் அவனைச் சமாதானப்படுத்தினாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டே போனேன்.

போனதைத் தப்பு என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். போகாமல் இருந்திருந்தால் என்றைக்காவது ஒரு போஸ்டிலிருந்து விழுந்திருப்பேன். எனக்கு அது தேவைப்பட்டது, அதற்குப் போனேன், அதில் பாவமில்லை. அதை ஆர்டர் என்று சொன்னதுதான் பாவம். பெரியவளே, ஓசூரோ காரைக்காலோ, எது வேண்டும் என்று நீயே யோசித்துச் சொல். உன் முடிவு எங்களுக்கு வருத்தமாக இருந்தால் வருத்தப்பட்டுக்கொள்கிறோம், அதனால் ஒன்றும் குறைந்துவிட மாட்டோம். என் மேல் கோபம் வந்தால் அதையும் சொல்.

ஏனாமில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அந்தக் காரம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் கொஞ்சம் தயிர் கிடைத்தால் தேவலை என்று இருக்கும். ஆனால் கேட்க மாட்டேன். பாஷை தெரியவில்லை என்பது ஒரு சாக்கு. அங்கே கூட வேலை பார்த்தவர் ஒருவர், எனக்கு வேண்டும் என்பதற்குத் தெலுங்கில் 'நாக்கு காவாலி' என்று சொல்லிக் கொடுத்தார். நாக்கு என்றால் அவர்களுக்கு 'எனக்கு' என்று அர்த்தமாம். மறுநாள் மத்தியானம் சாப்பிடக் கிளம்பும் முன் அறைக் கதவைச் சாத்தினேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அதைச் சொன்னேன். முதலில் சத்தமே வரவில்லை. பக்கத்து அறைக்குக் கேட்கிற அளவுக்கு வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன்.