பெட்டியைக் குலுக்கிப் பார்க்கும் பழக்கம்

பீங்கான் பொம்மைப் பட்டறையில் பெட்டி கட்டும் பிரிவு என் பொறுப்பு. வைக்கோல் பரப்பி, பொம்மைகளை அடுக்கி, மூடி ஒட்டியதும் பெட்டியைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கிக் காது கொடுத்துக் கேட்பேன். உள்ளே சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். இருபது வருடக் கைப்பழக்கம்.

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு மூன்று மாதமாக இருமல். என் புடவையில் ஒட்டி வரும் தூசிதான் காரணம் என்று கணவர் தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு பின்பக்கமாக வந்து, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். இருமல் நின்றபாடில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது, வலது நுரையீரலில் எலுமிச்சம்பழம் போல ஓர் உருண்டை தெரிந்தது.

சிதம்பரத்து டாக்டர் விளக்கினார். "இதுக்கு ஹைடாடிட் கட்டின்னு பேருங்க. நாய் வயித்துல இருக்கிற புழுவோட முட்டை எப்பவோ கை வழியா வாய்க்குப் போயிருக்கும். அது நுரையீரல்ல தங்கி, தண்ணி நெறஞ்ச பை மாதிரி வளந்திருக்கு. ஆபரேஷன்ல எடுத்துடலாம்."

"எந்த நாய் சார்?" என்றார் கணவர், புகார் எழுதிக் கொடுக்கப் போகிறவர் போல.

"பல வருஷமா வளர்றதுங்க, நாயைத் தேடாதீங்க. ஆபரேஷன் வரைக்கும் பொண்ணு கீழ விழாம, நெஞ்சுல அடிபடாம பாத்துக்குங்க. பை ஒடைஞ்சு அந்தத் தண்ணி ஒடம்புக்கு ஒத்துக்காமப் போனா உயிருக்கே ஆபத்து. அது அபூர்வம், பயப்படாதீங்க."

கடைசி வாக்கியம் மட்டும் என் காதில் ஏறவில்லை.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. ஸ்கூட்டி சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். சிரிப்பு நிகழ்ச்சி வந்தால் டிவியை அணைத்தேன். நெடியில் அவள் தும்மிவிடுவாளோ என்று தாளிப்பதையே விட்டேன்.

"ரசம் சுடுதண்ணி மாதிரி இருக்குது" என்றார் கணவர்.

"அப்ப சுடுதண்ணின்னு நெனச்சே குடிங்க."

ஆபரேஷனுக்குப் புறப்பட்ட காலையில் வாடகைக் கார் வந்தது. மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, வீட்டிலிருந்த நான்கு தலையணைகளையும் எடுத்துவந்தேன். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, முதுகுக்கு ஒன்று, பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒன்று. இண்டு இடுக்கில் போர்வையைத் திணித்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த நொடி என் கைகள் தாமாகவே அவள் தோள்கள் இரண்டையும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கின. காதையும் சாய்த்துவிட்டேன்.

"அடிப்பாவி!" என்றார் கணவர். டிரைவர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார்.

மகள் கண்களை அகல விரித்து, "சத்தம் ஏதாச்சும் வந்துச்சாம்மா?" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலானது. "சிரிக்காதடி, சிரிக்காதடி" என்று கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்ச அதிகமானது. கம்மாபுரம் தாண்டும்வரை நான் சாலையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையாலேயே உடைத்துவிட்டேனோ என்ற எண்ணம் ஆபரேஷன் அறையின் கதவு திறக்கும்வரை போகவில்லை.

"உள்ள சிந்தாம சுத்தமா எடுத்தாச்சும்மா. கொஞ்ச மாசம் மாத்திரை சாப்பிடணும், அவ்ளோதான்" என்றார் டாக்டர்.

மறுநாள் நர்ஸ் வந்து, "நெஞ்சுல தலையணைய அணைச்சிக்கிட்டு நல்லா இருமச் சொல்லுங்கம்மா. சளி தங்கக் கூடாது" என்றார். பத்து நாளாக இருமாதே என்று சொல்லிவந்த வாய்க்கு அந்தச் சொல் வரவில்லை. மகளோ வலிக்குப் பயந்து மூச்சைக்கூட இழுத்து விடவில்லை. நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மகள்தான் மெதுவாகச் சொன்னாள். "வேணும்னா ஒருவாட்டி குலுக்கும்மா, தானா வந்துடும்."

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், "ஐயோ, வலிக்குது" என்றாள், இருமினாள்.

"அப்படித்தான், இன்னொருவாட்டி" என்றார் நர்ஸ்.

அவள் தேறியதும் ஸ்கூட்டி சாவியை அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். பட்டறையில் பெட்டியைக் குலுக்கும் வேலை மட்டும் இப்போது இன்னொரு பெண்ணுடையது. அவள் குலுக்கும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.