மூலை மரத்துக் கொடியும் அப்பாவும்

எங்கள் அப்பா பிறந்தது தலைச்சோலையில். சிறு வயதில் தகப்பனை இழந்து, எஸ்டேட்டில் கூலியாகச் சேர்ந்து, கணக்கெழுதும் ரைட்டராக உயர்ந்து, கடைசியில் சொந்தமாக ஒரு துண்டுக் காப்பித் தோட்டம் வாங்கியவர். யாரையும் கடிந்து பேசாதவர் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மிளகுக் கொடியை மரத்தின் தெற்குப் பக்கம் நட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட உறவினர்கள் இதைப் படிப்பார்களே! வடக்குப் பக்கம்தான் வைக்க வேண்டும். தெற்கு வெயில் கொடிக்கு ஆகாது.

தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரம் ஒவ்வொன்றிலும் ஒரு கொடி ஏற்றியிருந்தார். மழை பிடித்ததும் இளங்கொடியை வாழை நாரால் மரத்தோடு கட்டுவார். கணுவில் வேர் விட்டு அது பட்டையைப் பற்றிக்கொண்டதும் நாரை அவிழ்த்துவிடுவார். பனி இறங்கிய காலைகளில் மரம் மரமாகத் தடவிக்கொண்டு போவார். ஆள் தெரியாது, இருமல் மட்டும் கேட்கும். அந்த வெண்மைக்குள் மரங்களும் அவரோடு மெல்ல நடக்கின்றன என்றே எனக்குத் தோன்றும். இப்போதும் தோன்றுகிறது.

போன வருட மழையில் மூலை மரத்தில் ஒரு கொடியைக் கட்டிய மறுவாரம் படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலும் கைவிரித்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் விழிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

“மூலை மரத்துக் கொடி புடிச்சிருச்சா கண்ணு?”

நான் சலித்துப் போயிருந்தேன். போய்ப் பார்க்காமலே, “புடிச்சிருச்சுங்கப்பா” என்றேன்.

“அப்போ நாரை அவுத்து உட்டுரு சாமி. மரம் பருத்தா நாரு கொடிய அறுத்துப்போடும்.”

அவிழ்த்தேன். கொடி அப்படியே மடங்கி என் கைமேல் விழுந்தது. ஒரு வேர்கூடப் பற்றியிருக்கவில்லை. சாகக் கிடக்கும் மனிதரிடம் பொய் சொன்னேனே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மழையிலேயே மறுபடி கட்டிவிட்டு வந்து, உண்மையைச் சொன்னேன்.

அப்பா திட்டவில்லை. “இன்னொரு பத்து நாள் போவட்டும். நொம்ப அவசரப்படாத கண்ணு” என்றார்.

அவருக்குத்தான் பத்து நாள் இல்லை. ஆறாம் நாள் விடியலில் போய்விட்டார்.

அப்பாவை அலுங்காமல் மலை ஏற்றிக் கொண்டுவந்த ஜீப் தம்பிக்கும், கடைசி வரை கஞ்சி காய்ச்சிக் கொடுத்த குப்பனூர் அத்தைக்கும், கொட்டும் மழையில் தோள் கொடுத்த கிளியூர்ப் பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. காரியம் முடிந்த பின் ஒரு காலை மூலை மரத்துக்குப் போய் நாரை அவிழ்த்தேன். கொடி அசையவில்லை. அப்பாவிடம் சொல்ல வீட்டுக்கு ஓடிவந்தேன். கட்டில் காலியாக இருந்தது. அதனால் உங்கள் எல்லார் முன்னிலையிலும் இங்கே சொல்கிறேன்.

புடிச்சிருச்சுங்கப்பா. இந்தத் தடவை பாத்துட்டுத்தானுங்க சொல்றேன்.