தாகத்தில் அலைந்த சொம்பு

அன்று காலையிலிருந்தே ஷப்ரீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உத்திரமேரூர் கடைத்தெருவில் அண்ணன் குத்புதீனின் பாத்திரக்கடையில், பெயர் வெட்டும் மிஷின் முன்னால் பதினோரு வருடங்களாக உட்கார்ந்திருப்பவள் அவள். புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்த வாரத்தில் அண்ணன் அவள் கையில் கொடுத்த மிஷின் அது. சீர்க் குடம், கோயில் அண்டா, பள்ளிவாசல் பிரியாணி தேக்சா என்று ஊரார் பெயரையெல்லாம் வெட்டி வெட்டி, சும்மா இருக்கும்போதும் விரல்கள் நடுங்கின.

அந்த விரல்களுக்கு ஆறு மாதமாக ஒரு ரகசிய வேலை. கன்னத்தில் குழி விழுந்த பித்தளைச் சொம்பு ஒன்றை அரிசி மணியளவு நகர்த்தி போனில் ஒரு படம். மறுபடி ஒரு மணியளவு, மறுபடி ஒரு படம். ஆயிரம் படங்களையும் வரிசையாக ஓடவிட்டபோது, அல்லாவே, சொம்புக்கு உயிர் வந்துவிட்டது! தண்ணீர் தேடிக் கடை முழுக்க அலைந்தது. கரண்டிகளிடம் வழி கேட்டது. அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து ஏமாந்தது.

சென்னையில் ஒரு கண்காட்சியில் இதைச் சுவர் அகலத்துக்குக் காட்டப்போகிறார்களாம். முழுப் படமும் இன்று மாலை ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டும். சொம்பு தண்ணீரைக் காணும் கடைசிக் காட்சி மட்டுமே பாக்கி.

மதியம், சொம்பை வைத்திருந்த ஜன்னல் விளிம்பைப் பார்த்தாள். சொம்பு இல்லை.

"அண்ணே! இங்க இருந்த சொம்பு எங்க?"

"குழி விழுந்ததுன்னு வெல கொறச்சிக் கேட்டு, பெருநகர் சிட்டம்மாள் பொண்ணு சீருக்கு வாங்கிக்கினு போச்சே. நீதான பேரு வெட்டுன?"

தூக்கிவாரிப் போட்டது. கடைசிக் காட்சியையே நினைத்தபடி, முன்னால் வந்த ஆறு பாத்திரங்களிலும் 'சி. மலர்க்கொடி' என்று வெட்டித் தள்ளியிருந்தாள். கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்த சொம்பின் முகத்தில், தன் கையாலேயே!

"வேற எடுத்துக்கோ. அலமாரில அம்பது கீது."

"ஒன்னுகூட அது இல்லண்ணே!"

பெருநகர் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று அவள் உயிரை வாங்கியது. சிட்டம்மாள் நாற்று நட்டுவிட்டு அப்போதுதான் கால் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

"பேரு வெட்டுன பாத்திரம் வாபஸ் கெடையாதுன்னு உங்க கடைலயே போர்டு மாட்டிக்கீறீங்க. எனக்கு மட்டும் இன்னா புதுச் சட்டம்? மஞ்சா பூசி மூட்டை கட்டியாச்சு. சீர் மூட்டைய அவுக்கச் சொல்றியே, எம்பொண்ணு நல்லா வாய வேணாமா?"

"வாபஸ் வேணாங்க்கா. ஒரு மணி நேரம், இங்கியே, உங்க கண்ணு முன்னாடியே..." ஷப்ரீன் போனை நீட்டினாள்.

திரையில் சொம்பு நடந்தது. சிட்டம்மாள் இரண்டடி பின்வாங்கினாள். "அடிப்பாவி! பேய் புடிச்சதயா எங்க தலைல கட்டுனீங்க?"

கல்யாணப்பெண் மலர்க்கொடி மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்தாள். "பேய் இல்லம்மா. தண்ணிக்கு அலஞ்சிக்கினு கீது, பாவம்." சொல்லிக்கொண்டே முடிச்சைத் தானே அவிழ்த்தாள்.

வாசலில் அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். மலர்க்கொடி நகர்த்த, ஷப்ரீன் படமெடுத்தாள். முன்னால் எடுத்த படங்கள் எதிலும் பெயர் கிடையாது; அதனால் பெயரைப் பின்பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"எம்பேரு படத்துல தெரியாதாக்கா?"

மணி நாலே கால். சுவர் அகலத்துக்குத் தெரியும்போது, திடீரென்று எங்கிருந்து வந்தது இந்தப் பெயர் என்று கேட்கமாட்டார்களா? பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கேட்கட்டும் என்று தோன்றியது. தண்ணீரைக் கண்டதும் சொம்பு மெல்ல, மணி மணியாகத் திரும்பி, தன் பெயரைக் காட்டிவிட்டு வாளிக்குள் சாய்ந்தது.

நாலு ஐம்பத்து மூன்றுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. ஷப்ரீன் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிட்டம்மாள் சொம்பைத் துடைத்து, மறுபடி மஞ்சள் பூசி, மூட்டைக்குள் வைத்தாள். முடிச்சைப் போடப்போனவள் நிறுத்தினாள்.

"இறுக்கிக் கட்டும்மா," என்றாள் மகள்.

"சும்மா இருடி. அதுக்கு மூச்சு முட்டிக்கப் போவுது," என்று மூட்டையின் வாயை ஒரு விரற்கடை திறந்தே விட்டாள் சிட்டம்மாள்.