பரிவட்டமும் மஞ்சள் கடுதாசியும்

எருமப்பட்டிக்குக் கிழக்கே கடலையும் சோளமும் விளையும் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த சென்னியப்பன், தம் நாற்பத்தைந்தாம் வயதில் உலகப் பற்றுகளைத் துறந்தார். முனிவர்கள் வனம் புகுந்து துறந்தார்கள். இவர் நாமக்கல்லுக்குப் பஸ் ஏறிப் போய்க் கோர்ட்டில் துறந்தார். வாங்கிய கடனைத் தீர்க்க வழியற்ற தம்மை நொடித்தவர் என்று அறிவித்து, கடன் கொடுத்தவர்களிடமிருந்து காத்தருள வேண்டும் என்பது அவருடைய மனு. ஊர்வழக்கில் அதற்கு மஞ்சள் கடுதாசி என்று பெயர். அதில் கையொப்பமிட்ட அன்று அவர் நெற்றியில் திருநீறு வழக்கத்தினும் அகலமாகத் துலங்கிற்று.

கடன் வந்த வழி எளியது. எழுபத்தொன்பதாம் ஆண்டில் அவர் ஒரு லாரி வாங்கினார். முன்கண்ணாடிக்கு மேலே தம் பெயரைப் பாட்டனார் பெயரோடு சேர்த்து எழுதச் செய்தார். எழுத்து பெரிதாக இருந்த அளவுக்கு வாடகை பெரிதாக வரவில்லை. தவணை நின்றது; பைனான்ஸ்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு போனார். எஞ்சியவை ஊராரிடம் எழுதிக் கொடுத்த புரோநோட்டுகள். கைம்பெண்ணான பாவாயி இரண்டு எருமைகளை விற்று டயருக்குக் கொடுத்த பணமும் அவற்றுள் அடக்கம்.

துறவுக்கு ஒரு மாதம் முன்னதாகச் சென்னியப்பன் மற்றொரு காரியமும் செய்தார். தமக்கிருந்த ஒரே நிலமான மேற்குக் கிணற்றுக் காட்டை, பனமரத்துப்பட்டியிலிருந்த மனைவியின் தம்பி கந்தவேலுக்கு விற்றதாகக் கிரயம் எழுதி வைத்தார். விலை பத்திரத்தில் மட்டும் கைமாறியது.

"கேசு முடியறவரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றார் வக்கீல். "காடு உங்களுதுன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியப்படாது."

"நான் எதுக்குங்க தொறக்கறேன்?" என்றார் சென்னியப்பன்.

சொன்னபடியே பல திங்கள் காத்தார். பாவாயி வீதியில் மறித்த போதும் அவர் நா பிறழவில்லை.

"எம்பணத்துக்கு என்ன சாமி வழி?"

"எங்கிட்ட என்னக்கா இருக்குது? கோர்ட்டுலயே எழுதிக் குடுத்துட்டன். வேட்டி மூணு, பித்தளைக் கொடம் ஒண்ணு."

"அந்தக் கொடத்தையாச்சும் குடு. தண்ணி சேந்திக்கறேன்."

"சட்டப்படி அதத் தொடப்படாதுக்கா."

இத்தகைய உறுதியைக் குலைக்கப் பங்குனித் திருவிழா வந்தது. மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்ததும், பட்டுத்துணி ஒன்றைத் தலையில் பரிவட்டமாகக் கட்டி மரியாதை செய்வது வழக்கம். முதற் பரிவட்டம் ஆளுக்கு உரியதன்று. மேற்குக் கிணற்றுக் காட்டுக்கு உரியது. அக்காட்டை எவர் உடையாரோ அவர் தலைக்கே அத்துணி ஏறும். பாட்டனார் தலைக்கும் தந்தையார் தலைக்கும் ஏறியது தம் தலைக்கு ஏறாது என்னும் எண்ணம் சென்னியப்பனுக்குக் கனவிலும் தோன்றவில்லை. துறவியாயினும் சரிகை வேட்டி உடுத்தியே வந்தார்.

"மேக்காலக் கெணத்துக் காட்டுக்காரர் வாங்க" என்று அழைத்தார் தர்மகர்த்தா தண்டாயுதபாணி.

சென்னியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு முன்னே வந்தார்.

"ஏனுங்க தர்மகர்த்தா, அவருக்குத்தான் காடே இல்லீங்களே" என்றாள் கூட்டத்தில் நின்ற பாவாயி. "வித்துட்டன்னு கோர்ட்டுலயே சத்தியம் பண்ணியிருக்கறாரு. பாவம், இல்லாதவர இழுத்து உட்டுச் சங்கடப்படுத்தாதீங்க."

தண்டாயுதபாணியிடமும் சென்னியப்பனின் புரோநோட்டு ஒன்று உறங்கிக் கொண்டிருந்தது. ஆகவே அவருக்கு வழக்கத்தின் மீது திடீரென்று பெரும் பக்தி பிறந்தது. "ஆமாமா, பத்திரம் பேசோணுமல்ல? கந்தவேலு எங்கப்பா?"

அக்காள் வீட்டுக் கிடாய்க்கறியை எண்ணி வந்திருந்த கந்தவேல், அம்மனை எண்ணி வந்தவன் போலக் கண்களை மூடித் தலையைக் குனிந்தான். சென்னியப்பனின் மனைவி வசந்தாமணி கணவரின் கையைப் பற்றினாள்.

"பேசாம இருங்க. முழத் துணிக்காவக் காட்ட உட்டுப்புடாதீங்க."

சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பூசாரியின் கை உயர்ந்தது. பட்டு கந்தவேலின் தலையைத் தீண்டிய அக்கணத்தில் அவன் கண் திறந்து, "மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது" என்றான்.

"எடுறா அந்தத் துணிய" என்றார் சென்னியப்பன். "காடு யாருதுடா? பேருக்குத்தானடா உனக்கு எழுதி வெச்சேன். ஒத்தப் பைசா குடுத்தியா நீயி?"

மேளம் நின்றது. சட்டம் அறியாத பூசாரி, உடையவர் இன்னாரென்று தெளிந்து, பட்டைச் சென்னியப்பன் தலைக்கு மாற்றினார்.

"மறுக்காச் சொல்லு சாமி" என்றாள் பாவாயி பணிவோடு. "மோளச் சத்தத்துல செரியாக் கேக்கல."

தலையில் பட்டு ஏறியவர்க்கு அச்சம் ஏது? மறுபடியும் சொன்னார், முன்னினும் உரக்கச் சொன்னார்.

அடுத்த வாய்தாவில் பாவாயியும் தண்டாயுதபாணியும் சாட்சிக் கூண்டேறினர். சொல்லவே இல்லை என்று சாதிக்கும்படி சென்னியப்பனின் வக்கீல் அவருக்குப் பாடம் புகட்டியிருந்தார். ஆனால் அதற்குள் கந்தவேல், முழுப் பணமும் எண்ணிக் கொடுத்தே காட்டை வாங்கியதாகவும், அது என்றென்றும் தன்னுடையதே என்றும் கூண்டில் நின்று சொல்லிவிட்டான். சொன்ன முகத்தில் பரிவட்டம் பறிபோன வடு இருந்தது.

இப்போது சென்னியப்பனின் முறை. சொல்லவில்லை என்றால் காடு கந்தவேலுக்கு. சொன்னேன் என்றால் கடன்காரர்களுக்கு. எப்படிச் சொன்னாலும் அவருக்கில்லை. அவர் கடன்காரர்களைப் பார்த்தார். பிறகு, கால்மேல் கால் போட்டமர்ந்து சேவகனிடம் திட்டு வாங்கிய கந்தவேலைப் பார்த்தார்.

"சொன்னனுங்க. இவன் ஒத்தப் பைசா குடுக்கலீங்க. வேணும்னா இன்னொருக்காவும் சொல்றேன்" என்றார்.

வக்கீல் வழக்குக் காகிதக் கட்டை மூடினார்.

கிரயம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. காடு ஏலம் போய், புரோநோட்டுகளின் அசல் அடைந்தது; வட்டி தள்ளுபடியானது. பாவாயி ஓர் எருமை வாங்கினாள். மற்றோர் எருமைக்குரிய பணத்தை இத்தனை ஆண்டு விலையேற்றம் தின்றிருந்தது. கடனிலிருந்து விடுதலை வேண்டிய சென்னியப்பனுக்கு விடுதலை முழுமையாகவே கிட்டியது. நாமக்கல்லில் வேறொருவர் லாரிக்கு டிரைவராகி, கந்தவேலின் வாயில் தாம் மண் போட்ட வரலாற்றை டீக்கடைதோறும் விரித்துரைத்து வந்தார்.

வசந்தாமணி மட்டும் சோறு போடும்போதெல்லாம் ஒன்றையே கேட்டாள்.

"ஊர்க்காரங்களுக்குப் போனது எந்தம்பிக்கே போயிருந்தா, வருசம் ரெண்டு மூட்டைக் கடலையாச்சும் ஊட்டுக்கு வந்திருக்குமல்லங்க?"

சென்னியப்பன் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.