மஞ்சள் பூச் சீத்தை

பண்டாரவளைத் துணிக்கடையின் பழைய கதையை இணையத்தில் ஏற்றும் வேலைக்காக முதலாளி கொடுத்த தகரப் பெட்டியைத் திறந்ததும், பூச்சி உருண்டையும் புதுச் சீத்தைத் துணியும் கலந்த வாசம் முகத்தில் அடிக்க, ஸ்கேன் செய்வதை மறந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசத்துக்குள், லுணுகலையில் முதலாளி குடும்பத்துக்கு இருந்து இப்போது இல்லாமல் போன, பலகையால் கட்டிய துணிக்கடை அப்படியே இருந்தது: தரை கிறீச்சிடும், இரும்பு அளவுகோல் மேசையில் டக்கென்று விழும், துணி சர்ரென்று கிழியும், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து அம்மாமார் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். தீபாவளிக்கு லயமே சேர்ந்து ஒரே கட்டுத் துணியை எடுக்கும் வழக்கத்தால், பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே பூவில் திரிவோம். ஒரு தீபாவளியன்று கோயில் கூட்டத்தில் அம்மா, நான்தான் என்று பக்கத்து வீட்டுச் செல்வியின் கையைப் பிடித்து வீடுவரை இழுத்து வந்து, வடையையும் ஊட்டிவிட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

பெட்டிக்குள் ஒரு படம். அதே மஞ்சள் பூச் சட்டைகளில், கடை வாசலில் நாங்கள்!

படத்துக்குக் கீழே பெயர்கள் போட வேண்டுமே. அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டு, “ஒவ்வொருத்தர் பேரா சொல்லும்மா” என்றேன்.

“மொதல்ல நீ. இடது பக்கம் ரெண்டாவதா பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறியே, பெத்தவளுக்குத் தெரியாதா?”

அது செல்வி. பின்னால் அவள் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பவள்தான் நான்.

இந்த முறையும் வடை அவளுக்கே.