எதிராளிக்காகப் பேசும் கிரிவலம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை எண்பது கிலோமீட்டர் சொச்சம். கண்ணமங்கலம், போளூர் வழியாகப் பேருந்தில் இரண்டேகால் மணி நேரம். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஏறினேன். பௌர்ணமி இல்லாத வாரம் என்பதால் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பேருந்தில் பாதிப் பேர் அண்ணாமலையாரைப் பார்க்கப் போனார்கள். நான் ஏழுமலையைப் பார்க்கப் போனேன்.

ஏழுமலை என்னோடு பொருளாதாரம் படித்தவன். நான் கூட்டுறவுத் துறையில் துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றேன். ஒரு சங்கத்தை எப்படிப் பதிவுசெய்வது, எப்படிக் கலைப்பது, கலைத்ததை எப்படி உயிர்ப்பிப்பது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விதியோடு சொல்வேன். யாரும் எழுப்புவதில்லை. அவன் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், படிப்பில் எனக்கு ஒரு படி கீழே. ஆனால் அவனுக்குச் சண்டை போட ஆட்கள் இருந்தார்கள். சனிக்கிழமைதோறும் அவனும் இன்னும் மூன்று பேரும் சமதர்மம் பற்றி வாதாடிக்கொண்டே மலையைச் சுற்றுவார்கள். அதைத் தொலைபேசியில் அவன் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நால்வரில் ஒருவர் மகனோடு ஓசூருக்குக் குடிபோய்விட்டார். "நாலாவது ஆள் வேணும்டா. வந்து ஒரு சுத்து நட. மத்த ரெண்டு பேரும் சரின்னுட்டா சேர்ந்துக்கலாம்" என்றான். இந்த வயதில் நேர்முகத் தேர்வு. யோசித்துச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டு, உடனே பையை எடுத்து அடுக்கினேன்.

வேங்கிக்காலில் இறங்கி, ஆட்சியர் அலுவலகத்தைத் தாண்டிப் புது வீடுகளுக்கு நடுவே நடந்தால் அவன் வீடு. கூடத்தில் நான்கு நாற்காலிகள், நான்கின் பிரம்பும் தொய்ந்திருந்தது. என் வீட்டில் ஆறு நாற்காலிகள். ஒன்றுதான் தொய்ந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ராஜகோபுரத்துக்கு ஆட்டோ. நூற்றைம்பது ரூபாய் என்றார் ஓட்டுநர். ஜாஸ்தி என்றேன். "பௌர்ணமிக்கு வந்து கேளுங்க சார், இது எவ்ளோ கம்மினு தெரியும்" என்றார்.

மற்ற இருவரும் டீக்கடையில் நின்றிருந்தார்கள். கமலக்கண்ணன் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர், செங்கொடிச் சங்கத்தில் ஊறியவர், மார்க்சியர். அன்பரசி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. சாதி ஒழியாமல் சமதர்மம் பேசுவது அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டுவது என்பது அவர் கட்சி. ஏழுமலை சர்வோதயக்காரன். உள்ளவன் மனம் மாறிக் கொடுக்கவேண்டும் என்பான். வெறுங்காலில் நடப்பவன் அவன் ஒருவனே. நான் அன்பரசியின் செருப்பைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"சாமி கும்பிடாதவளுக்குக் கல்லு குத்தாதுங்களா?" என்றார்.

"கடவுள் இல்லைன்னுட்டு மலையைச் சுத்தறீங்களே?" என்று கமலக்கண்ணனைக் கேட்டேன்.

"பதினாலு கிலோமீட்டர் நல்ல ரோடு சார், எட்டு லிங்கம். எனக்கு அது பஸ் ஸ்டேஜ் கணக்கு. இடப்பக்கமாவும் சுத்திப் பாத்தேன். ஏன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லியே வாய் வலிச்சுப்போச்சு."

அவர்கள் வழக்கம் இது. இந்திர லிங்கத்திலிருந்து அக்கினி லிங்கம்வரை அவரவர் பக்கத்தை அவரவர் பேசலாம். அக்கினி தாண்டினால் எதிராளியின் பக்கத்தைத்தான் பேசவேண்டும். "ஆமா, நான் சொல்றது அதான்" என்று உரியவர் ஒப்புக்கொள்ளும்வரை விடுதலை கிடையாது. லிங்கத்துக்கு லிங்கம் ஆள் மாறும். என் பணிக்காலம் முழுவதும் இப்படியொரு விதியை யாரும் எனக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியதில்லை.

அன்றைய வழக்கு இளநீர் வண்டிகள். பாதையோரம் விற்கிற பலர் நாள் வாடகைக்கு வண்டி எடுக்கிறவர்கள். வண்டி தள்ளுகிறவருக்கே சொந்தமாகவேண்டும் என்பதில் மூவருக்கும் பேதமில்லை. வழியில்தான் பேதம். கமலக்கண்ணன் சங்கம் கட்டிப் போராடு என்றார். ஏழுமலை வண்டி முதலாளியிடம் போய்ப் பேசு என்றான். அன்பரசி, எந்தத் தெரு ஆள் எந்த இடத்தில் நிற்கிறார் என்று முதலில் பார் என்றார்.

"லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டேன். மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது நடைமுறைங்க. பக்கம் இல்ல" என்றார் அன்பரசி.

செங்கம் சாலையில் அக்கினி லிங்கம் தாண்டியதும் கமலக்கண்ணன் அன்பரசிக்காகப் பேசினார். "வண்டி சொந்தமானா மட்டும் போதாது. கோயில் பக்கம் நிக்கறது ஒரு தெரு, சாக்கடை ஓரம் நிக்கறது வேற தெரு. நாளைக்குச் சங்கம் வெச்சாலும் முதல் தெரு ஆளுதான் தலைவர் ஆவான்."

"பாதிதான் தோழர். சாக்கடை ஓரத்து ஆளு வெட்டிக் கொடுத்தா குடிக்கமாட்டேங்கறவங்களை விட்டுட்டீங்களே."

"அவங்களையும் சேத்துக்கோங்க டீச்சர்."

"நீங்கதான் சேக்கணும்."

சேர்த்தார். அன்பரசி தலையசைத்தார். ஆசிரமத்துக்கு எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் நாங்கள் ஏதோ தோத்திரம் சொல்வதாக நினைத்துக் கும்பிட்டார். நான் எழுதிய கோப்புக் குறிப்பு ஒன்றையாவது யாராவது இப்படிக் கடைசி வரி வரை கேட்டிருக்கிறார்களா என்று யோசித்தேன். எரிச்சல் நெஞ்சுவரை வந்தது.

யம லிங்கத்தில் என் முறை. ஏழுமலைக்காகப் பேசவேண்டும். அவனை மறுக்கத்தான் நாற்பது வருடமாகப் பயிற்சி.

"அடிச்சுப் புடுங்கினா வண்டி மட்டும்தான் வரும், வண்டி முதலாளி வரமாட்டான்" என்று தொடங்கினேன். "வேற சந்து வழியா அதைத் திருப்பி வாங்கிடுவான். அவனாக் கொடுத்தா அவனும் கூட வந்துடுவான். அதுக்கு ரொம்ப நாளாகும், ஊரே சிரிக்கும். ஆனா ஜெயிக்கற அன்னிக்குத் தோத்தவன்னு ஒருத்தனும் இருக்கமாட்டான்."

ஏழுமலை என் பக்கம் திரும்பினான். "ஆமா. நானே இவ்ளோ நல்லா சொன்னதில்லடா" என்றான்.

பொறாமைக்காரனைப்போல ஒருவனைக் கவனித்துக் கேட்கிறவர் யாரும் கிடையாது.

நிருதி லிங்கத்தில் அவன் எனக்காகப் பேசவேண்டும். "டேய், உன் பக்கம் என்னடா? நாப்பது வருஷமா என்னுதுல ஓட்டை கண்டுபிடிச்ச. உன்னுதைச் சொன்னதே இல்லியே."

"பக்கமே இல்லாதவரை எப்படிங்க சேத்துக்கறது? நாங்க எதை எதிர்க்கறது?" என்றார் அன்பரசி.

"இந்த விதி எங்க எழுதியிருக்கு?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வருண லிங்கம்வரை வலப்பக்கம் மலையும் இடப்பக்கம் கடைகளுமாக மூவருக்கும் இரண்டடி பின்னால் நடந்தேன். மாலைப் பேருந்துக்குப் பதிலாக மதியப் பேருந்தையே பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆதி அண்ணாமலையில் கமலக்கண்ணன் நின்றார். "நான் சொல்லிப் பாக்கட்டுமா? முதலாளி மனசு எப்ப மாறும்னு தெரியாது. புரட்சி எப்ப வரும்னு தெரியாது. சாதி எப்ப ஒழியும்னும் தெரியாது. அதுவரைக்கும் வண்டி தள்றவன் பேர்லயே லைசென்ஸ்னு எழுதி வெச்சுட்டா, அவன் யார் கால்லயும் விழவேணாம். முதலாளி கால்லயும் வேணாம், எங்க யூனியன் ஆபீஸ் வாசல்லயும் வேணாம். அதானே சார் உங்க பக்கம்?"

இத்தனை ஆண்டு வேலைக்கு இப்படி ஒரு பொருள் இருப்பதாக யாரும், நான் உட்பட, சொன்னதில்லை.

"ஏறக்குறைய" என்றேன். "ஒரு திருத்தம். எழுதி வெச்சா மட்டும் போதாது. அதைப் படிச்சுச் சொல்ற ஆளு கவுன்டர்ல இருக்கணும்."

"திருத்தம் போட்டுட்டாரு. பக்கம் இருக்குது" என்று சிரித்தார் அன்பரசி. அடுத்த கணமே திரும்பினார். "சரிங்க, அந்தக் கவுன்டர்ல உக்காந்திருக்கறவரு எந்தத் தெரு?"

பதில் சொல்ல ஒரு விதி எண்ணும் நினைவுக்கு வரவில்லை. குபேர லிங்கம்வரை அவர் என்னை விடவில்லை. இடையில் ஒருமுறை, "வாங்க சார், நல்லா மாட்டினீங்க" என்று கமலக்கண்ணன் தோளில் தட்டினார்.

மாலைப் பேருந்தில்தான் கிளம்பினேன். வேலூரில், கோட்டை மைதானத்தில் காலை நடைக்கு எங்களுக்கும் ஒரு கூட்டம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் எல்லோரும் "கரெக்ட் சார்" என்போம். அங்கே யாரும் யாருக்காகவும் பேசவேண்டியதில்லை, பேச யாருக்கும் ஒன்றுமில்லை.

ஏற்றிவிட வந்த ஏழுமலை, "ஒரு வாரம் வரமுடியலைன்னா கவலைப்படாத. உன் பக்கத்தைக் கமலக்கண்ணன் பேசிடுவாரு" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். பேருந்து நகர்ந்ததும் அது உறைத்தது. என் பக்கத்தை, காலைவரை எனக்கே தெரியாத என் பக்கத்தை, நான் இல்லாத இடத்தில் இன்னொருவர் எடுத்துப் பேசுவார். என்னைவிட நன்றாகவும் பேசிவிடுவார்.

போளூர் வருவதற்குள் கமலக்கண்ணனை அழைத்தேன். அடுத்த சனிக்கிழமை நான் வந்து சேரும்வரை என்னைப் பற்றி வாயே திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.