பட்டுப்புடவையில் தோசை

ஈஜிபுராவில் ஒரு சந்து முனையில் தோசைக்கடை வைத்திருந்த அக்காவின் மேல் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

நான் வேலை பார்ப்பது ஒரு வட்டார வளர்ச்சி வங்கியில். அடமானம் வைக்க ஒன்றுமில்லாதவர்களுக்குச் சிறுதொழில் கடன் வாங்கித் தருவது என் பாடு. கடன் கொடுக்கும் முன், தொழில் நடக்கிற நேரத்தில் போய் நேரில் பார்ப்போம், போட்டோ எடுப்போம். தொழில் கண்ணில் படாவிட்டால் மனு திரும்பிவிடும். அக்கா கேட்டிருந்தது ஒரு தள்ளுவண்டிக்கும், பழைய தினவட்டிக் கடனை அடைக்கவும். மாலையானால் வட்டிக்காரன் வந்து நிற்பான். விற்றதில் பாதி அவன் பைக்குள் போய்விடும். மனு திரும்பினால் அக்காவுக்கு அவனை விட்டால் வேறு கதி இல்லை.

அன்று காலை மேனேஜரைக் கூட்டிக்கொண்டு போனேன். கன்னடக்காரர், கறார் பேர்வழி. சந்து முனையில் அடுப்பும் இல்லை, தோசைக்கல்லும் இல்லை. கழுவிவிட்ட ஈரத்தரையில் பெரிய கோலம். அக்கா பட்டுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, சந்து முனையிலேயே இருந்த தன் வீட்டுக்குள், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய சோபாவில் எங்களை உட்காரவைத்து ஹார்லிக்ஸ் கொடுத்தார்.

"அங்கடி எல்லிம்மா? கடை எங்க?" என்றார் மேனேஜர்.

"லீவு உட்டுட்டேன் சார். பேங்க்லேருந்து பெரியவங்க வர்றப்போ எண்ணெப் பிசுக்கோட நின்னா நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாங்க வந்ததே அந்தப் பிசுக்கைப் பாக்கத்தான்க்கா!" என்று கத்திவிட்டேன். மேனேஜர் சோபாவைத் தடவிப் பார்த்தார். "இவங்களுக்கு எதுக்கு லோன்?" என்று என்னைக் கேட்டார்.

"அது நம்முது இல்ல சார்," என்றார் அக்கா. அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

அதற்குள் வாசலில் சத்தம். கட்டட வேலைக்காரர்கள், வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள், டூட்டி முடித்து வந்த ஒரு வாட்ச்மேன்.

"இன்னாக்கா, யாரைக் கேட்டுக் கடையை மூடினே? நாங்க இன்னாத்தத் துன்றது?" என்று வாட்ச்மேன் சண்டைக்கே வந்துவிட்டார். ஒரு அம்மாள் மேனேஜரை முறைத்தார். "நீங்கதான் மூடச் சொன்னீங்களா?"

மேனேஜர் ஹார்லிக்ஸைக் கீழே வைத்தார். "மொதல்ல அவங்களுக்குப் போடும்மா," என்றார்.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகினார். நானும் வாட்ச்மேனுமாக அடுப்பைத் தூக்கி வந்து கோலத்தின் மேலேயே வைத்தோம். நல்லவேளை, முந்தின நாள் ஆட்டிய மாவு உள்ளே இருந்தது. பட்டுப்புடவையில் தோசை வார்க்கும் அந்தப் போட்டோதான் ஃபைலில் போயிற்று. கடன் கேட்கிறவர்கள் போட்டோவில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். இவர் மட்டும் கல்யாணப் பெண். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கடன் கைக்கு வந்த அன்று மாலை நானும் கடையில் இருந்தேன். வட்டிக்காரன் வந்தான். அக்கா பாக்கி மொத்தத்தையும் கொடுத்துக் கணக்கை முடித்தார். அவன் எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, எப்போதும் போல ஒரு தட்டை எடுத்து நீட்டினான். இத்தனை நாளும் அவனுக்கு ஓசித் தோசை.

அக்கா முறுகலாக இரண்டு வார்த்துப் போட்டார், சட்னியும் தாராளமாக ஊற்றினார். அவன் தின்று கை கழுவிவிட்டுக் கிளம்பினான்.

"துட்டு குடுத்துட்டுப் போங்கண்ணா," என்றார்.